அப்பாவின் வெள்ளெழுத்து

அம்மாவின் பழைய மூக்குக்கண்ணாடி, அப்பாவின் புத்தக அலமாரியில், அகராதித் தொகுதிகளுக்குப் பின்னால், ஒரு கைக்குட்டையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. 2024 டிசம்பரில் வேறு எதையோ தேடப்போய் அதைக் கண்டெடுத்தேன். அம்மா இரண்டு மாதமாக அதைக் காணோமென்று வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தாள். பேரன்மீது பழி விழுந்தது. பாத்திரம் தேய்க்க வரும் அக்காவிடம்கூட ஒருமுறை ஜாடையாகக் கேட்டுவிட்டாள். அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. கண்ணாடியோ இந்தப் பக்கம் தொகுதிகளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

அப்பாவுக்கு அந்தக் கண்ணாடி ஏன் தேவைப்பட்டது என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. ஏனென்றால், இனிமேல் கண்ணாடியே வேண்டாம் என்பதற்காகத்தான் அதற்கு ஓராண்டு முன்பு அவருடைய இரண்டு கண்களிலும் பல்குவிய லென்ஸ் வைத்திருந்தோம். ஒரு கண்ணுக்கு 60,000 ரூபாய். கல்லூரிப் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் நான் கடன் வாங்கிக் கட்டிய பணம் அது. கடன் தவணை இன்னும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கணக்குச் சொல்வதற்காக எழுதவில்லை. அந்தப் பணத்துக்கும் கைக்குட்டையில் சுற்றப்பட்ட கண்ணாடிக்கும் தொடர்பு இருந்தது என்பதைப் பின்னால் அறிந்துகொண்டேன்.

அப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தவர். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலம் தொடங்கி, கணினி வந்து அந்த எழுத்துப் பெட்டிகளை எடைக்குப் போட்ட காலம் வரைக்கும் அங்கேதான் இருந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். ஆனால் முதுகலையில் தமிழ் படித்த எனக்கு ஒற்று மிகுமிடம் மிகாவிடம் பற்றி ஐயம் வந்தால், நூற்பாவைத் தேடுவதற்கு முன் அவரைத்தான் கேட்பேன். அவருக்கு விதி தெரியாது, விடை தெரியும். ஒரு பக்கத்தை எடுத்தால் அவர் கண் முதலில் பொருளைப் பார்க்காது, புள்ளியைப் பார்க்கும். "எழுத்து தேஞ்சா மொதல்ல போறது புள்ளிதாம்மா. புள்ளி போனா மெய் உயிர்மெய்யாயிடும்" என்று சிறுவயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு தத்துவம் இருப்பதாக நான் கல்லூரி நாட்களில் நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது அச்செழுத்தைப் பற்றி மட்டுமே.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதாமல் விட்டார்கள் என்பார்கள். படிப்பவன்தான் தன் தமிழறிவைக் கொண்டு புள்ளியை இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் வியப்பார்கள். அப்பாவிடம் ஒருமுறை சொன்னபோது அவர் வியக்கவில்லை. "அப்ப அந்தக் காலத்துல எனக்கு வேலையே இருந்திருக்காது" என்றார்.

*

கண்புரை என்ற சொல்லில் வரும் புரைக்குத் துளை என்றும் குற்றம் என்றும் பொருள் உண்டு. குற்றம் என்ற பொருளில் வள்ளுவரே அச்சொல்லை ஆண்டிருக்கிறார். கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் வயதினால் கலங்கிப் போவதே புரை. அது வலிக்காது, ஒரே நாளில் வராது. அதனால் புரை வந்தவர்கள் முதலில் உலகத்தைத்தான் குறை சொல்வார்கள். அப்பாவும் அப்படித்தான்: செய்தித்தாளின் மை மட்டமாகிவிட்டது, மின்சார வாரியம் வோல்டேஜைக் குறைத்துவிட்டது, பேருந்துப் பலகைகளில் ஊர்ப்பெயரைச் சின்னதாக எழுதுகிறார்கள்.

புரைக்கு முன்பே எல்லாருக்கும் வருவது வேறொன்று. நாற்பதை ஒட்டிக் கண்ணின் லென்ஸ் நெகிழ்வை இழக்கிறது. பக்கத்தில் உள்ளதைப் பார்க்க அது குவிய மறுக்கிறது. புத்தகத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறோம். இதற்குப் பழைய தமிழர் இட்ட பெயர் வெள்ளெழுத்து. சாளேசரம் என்றும் ஒரு பெயர் உண்டு; நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். எனக்கு வெள்ளெழுத்து என்ற பெயர்தான் பிடிக்கும். கண் பழுதானதாக அது சொல்வதில்லை. எழுத்து வெளுத்துவிட்டதாகச் சொல்கிறது. புரை வந்தவர் உலகத்தைக் குறை சொல்வதைப் போலவே இதுவும்.

எனக்கு வயது நாற்பத்தேழு. வருகைப் பதிவேட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பெயர்களை வாசிப்பதைப் பார்த்து மாணவிகள் சிரிக்கத் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே, அப்பாவின் புரைக்கு அறுவை செய்யும்போதே வெள்ளெழுத்தையும் சேர்த்துத் தீர்த்துவிடும் லென்ஸ் ஒன்று இருக்கிறது என்று மருத்துவமனையில் சொன்னபோது, நான் அதை அவருடைய கண்ணுக்காக மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது.

அம்மாவுக்கு 2016-இல் ஓர் இலவச முகாம் மூலமாகப் புரை எடுத்திருந்தார்கள். அவளுக்கு வைத்தது சாதாரண ஒற்றைக்குவிய லென்ஸ். தூரம் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் பார்க்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். அரிசியில் கல் பொறுக்கவும், ஊசியில் நூல் கோக்கவும், வாரப் பத்திரிகையில் ராசிபலன் பார்க்கவும் போட்டுக்கொள்வாள். இதைவிட எளிய, மலிவான, உறுதியான மருத்துவ அற்புதம் வேறு இல்லை என்பது என் எண்ணம். 1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிய விரல்களைக் கொண்டே அறுவை செய்தவர் அவர். 1992-இல் அந்நிறுவனத்தின் சார்பில் ஆரோலேப் தொடங்கி லென்சுகளை இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகுதான், வெளிநாட்டு விலை கொடுக்க முடியாத அம்மாவைப் போன்றவர்களின் கண்ணுக்குள்ளும் லென்ஸ் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் புரை எடுத்தவர்கள் சோடாப்புட்டிக் கண்ணாடியோடு திரிந்ததை என் வயதினர் பார்த்திருப்பார்கள். என் பாட்டிக்கு அப்படி ஒன்று இருந்தது; அதன் வழியாகப் பார்த்தால் அவளுடைய கண்கள் கன்றுக்குட்டியின் கண்களைப் போலப் பெரிதாகத் தெரியும்.

அம்மாவுக்குக் கிடைத்ததே அப்பாவுக்கும் போதும் என்று அப்பா சொன்னார். நான் கேட்கவில்லை.

ஆலோசகர் என்ற பெயரில் இருந்த இளம்பெண் ஒரு பிளாஸ்டிக் கண்ணைத் திறந்து காட்டினாள். மூன்று வகை லென்சுகள், மூன்று விலைகள், ஒரு பளபளப்பான அட்டை. அட்டையில் நரைத்த தலையர் ஒருவர் கண்ணாடியில்லாமல் செய்தித்தாள் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம், போகப்போகப் பழகிவிடும் என்று அந்தப் பெண் சொல்லவும் செய்தாள். அதை மறைத்தார்கள் என்று நான் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் அப்பா என்ன படிப்பார், எந்த வெளிச்சத்தில் படிப்பார், எவ்வளவு பழைய தாளில் படிப்பார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடுத்தவன் பிழையைத் திருத்தினீர்கள், இனியாவது சுதந்திரமாக இருங்கள்" என்று வசனம் பேசினேன். மேடைப் பழக்கம்.

*

கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்கும் யோசனையே ஒரு மாணவரின் கேள்வியிலிருந்து பிறந்தது என்று சொல்வார்கள். ஹரால்டு ரிட்லி என்ற ஆங்கில மருத்துவர் புரையை நீக்குவதை அருகிலிருந்து பார்த்த மாணவர், எடுத்ததற்குப் பதிலாக வேறு லென்ஸ் வைக்க மாட்டீர்களா என்று கேட்டாராம். போர்க்காலத்தில் விமானிகளின் கண்களில் தெறித்து ஏறிய விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துணுக்குகளைக் கண் பகைக்காமல் வைத்துக்கொண்டதை ரிட்லி முன்பே கவனித்திருந்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவருக்குப் பொருத்தினார். லென்சின் வலிமைக் கணக்குப் பிசகியதால் அப்பெண்ணுக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் ரிட்லியைத் தூற்றினார்கள். அந்தப் பெண் என்ன நினைத்தார் என்பது எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன்; எனக்குக் கிட்டவில்லை.

இன்று அந்தக் கணக்கு மிகத் துல்லியமாகிவிட்டது. கேள்வி வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. இளமையில் நம் லென்ஸ் தேவைக்கேற்பக் குவிந்தும் தட்டையாகியும் ஒவ்வொரு தூரமாக மாறி மாறிப் பார்க்கிறது. பிளாஸ்டிக் லென்சுக்கு அந்த நெகிழ்வு இல்லை. ஆகவே பல்குவிய லென்ஸ் ஒரு தந்திரம் செய்கிறது. அதன் முகத்தில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வட்டப் படிகள், ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே வரும் ஒளியை அவை பங்கு பிரிக்கின்றன: ஒரு பங்கு தூரத்துக்கு, ஒரு பங்கு கிட்டத்துக்கு. இரண்டு பிம்பங்களும் எந்நேரமும் விழித்திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டேயிருக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளுவது மூளையின் பொறுப்பு. அதற்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகும்.

பாகப்பிரிவினை என்றால் எல்லாருக்கும் குறையும் என்பது குடும்பங்களில் நாம் அறிந்ததே. இரண்டு குவியங்களாகச் சமமாகப் பிரிக்கும் லென்சில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 41 விழுக்காடு ஒளி. மிச்சம் 18 விழுக்காடு எதற்கும் உதவாமல் சிதறிப் போகிறது. வெள்ளைத் தாளில் கரிய எழுத்தென்றால் இந்த இழப்பு தெரியாது. கருமைக்கும் வெண்மைக்கும் இடையே வேறுபாடு குறைந்த இடங்களில்தான் தெரியும்: அந்தி நேரத்துப் படிக்கட்டு, மழைநாள் முகம், பழுப்புத் தாளில் மங்கிய மை. மருத்துவமனைச் சுவரில் தொங்கும் பலகையில் இருப்பதோ நல்ல வெளிச்சத்தில், வெள்ளையில், தடித்த கருப்பு எழுத்து. அப்பா அதில் கடைசி வரியைத் தட்டாமல் படித்தார்.

*

2023 ஆகஸ்டில் வலக்கண், செப்டம்பரில் இடக்கண். கட்டு அவிழ்த்த மறுநாள் காலையில் அப்பா மொட்டைமாடிக்குப் போய்க் கும்பேசுவரர் கோயில் ராஜகோபுரத்தின் கலசங்களை ஒன்றொன்றாக எண்ணினார். இறங்கி வந்து கண்ணாடியில்லாமல் முகம் மழித்துக்கொண்டார். செய்தித்தாளின் பொடி எழுத்து விளம்பரங்களை உரக்கப் படித்துக் காட்டினார். நீலம் இவ்வளவு நீலமா என்று அம்மாவின் சேலையைப் பிடித்துப் பார்த்தார். புரை பழுப்பு வடிகட்டி போல நிறங்களை மறைத்திருந்தது விலகிவிட்டதால் வருகிற வியப்பு அது, எந்த லென்சானாலும் வரும். நான் அதையும் என் 60,000 கணக்கில் வரவு வைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டுக் கார்த்திகைத் தீபத்தன்று தெருவில் விளக்கு வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "ஒவ்வொரு விளக்குக்கும் திருவாசி கட்டின மாதிரி இருக்கும்மா" என்றார். எல்லாரும் சிரித்தோம். நல்ல உவமை என்று நான் பாராட்டினேன். உவமையில் மனம் போய்விட்டதால் அவர் ஓர் அறிகுறியைச் சொல்கிறார் என்பது உறைக்கவில்லை. இலக்கியம் படித்ததால் வரும் குறைகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தூரப் பார்வை, கிட்டப் பார்வை, இரவில் நடப்பது, மொத்தத் திருப்தி என்று கேள்விகள். ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டங்கள். அப்பா என் பேனாவை வாங்கி எல்லாவற்றிலும் ஐந்தில் குறியிட்டார். 'திருப்தி' என்று அச்சிட்டிருந்த இடத்தில் புள்ளி விட்டுப்போய் 'திருபதி' என்றிருந்தது. அதில் ஒரு புள்ளியைச் சேர்த்துத் திருத்திவிட்டுக் கொடுத்தார். நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

2024-இல் ஒரு வேலை எடுத்தேன். நூறாண்டுக்கு முந்தைய ஒரு சிறு வசன நூலை மறுபதிப்பாகக் கொண்டுவர நண்பர் ஒருவர் முன்வந்தார். மூலநூலின் தாள் முறுகல் அப்பளம்போல் ஆகிவிட்டிருந்தது. மை பழுப்போடு பழுப்பாகக் கலந்திருந்தது. அதைத் தட்டச்சு செய்து மூலத்தோடு ஒப்பிட அப்பாவிடம் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது உண்மை. மூன்று மாதம் வைத்திருந்தார். முன்பு மூன்று நாளில் முடித்திருப்பார். திருப்பிக் கொடுத்த பிரதியில், தற்செயலாகப் புரட்டிய ஐந்தே பக்கத்தில் பதினோரு பிழைகளைக் கண்டேன். அவற்றில் ஒன்பது, மூலத்தில் இருந்த புள்ளி விட்டுப்போனவை.

இந்த இடத்தைத்தான் எழுதத் தயங்கினேன். நான் அவருடைய கண்ணைச் சந்தேகிக்கவில்லை. கண் புதியது, விலை உயர்ந்தது, ஐந்துக்கு ஐந்து. ஆகவே அறிவைச் சந்தேகித்தேன். எழுபத்திரண்டு வயது; இனி இவரால் ஆகாது என்று முடிவு கட்டினேன். அவரிடம் ஒன்றும் சொல்லாமல், "அருமையா இருக்குப்பா" என்று பிரதியை வாங்கிக்கொண்டு போய், தஞ்சையில் வேறொருவரிடம் பணம் கொடுத்துத் திருத்தக் கொடுத்தேன். அடுத்த நூலுக்கு அவரைக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்யும் மரியாதைகளில் இப்படியும் ஒன்று உண்டு.

*

கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அப்பா திருடிவிட்டு அகப்பட்ட பையனைப் போலச் சிரித்தார்.

"பகல்ல வேண்டியதில்லம்மா. சாயங்காலத்துக்கு மேலதான். இதைப் போட்டா அந்தப் புள்ளியெல்லாம் கொஞ்சம் எந்திரிச்சு நிக்குது."

"ஏம்ப்பா சொல்லல?"

"நீ கடன் கட்டிக்கிட்டிருக்கே."

அப்புறம், நான் கேட்காமலேயே, "பழைய கண்ணாடியில எழுத்து மங்கும், ஆனா கருப்பாத்தான் மங்கும். இது வெளுத்து மங்குது. வெள்ளெழுத்துன்னு சொல்வாங்களே, அதுக்கு இப்பத்தான் அர்த்தம் தெரியுது" என்றார். மூலப்பிரதியில் பிழை விட்டதும் அவருக்குத் தெரிந்தேயிருந்தது. எத்தனை என்பதுதான் தெரியாது. "நாப்பது இருக்குமா?" என்று கேட்டார். எழுபதுக்கு மேல் இருந்தது. நாற்பதுதான் என்றேன்.

படிவத்தில் ஏன் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கோபுரம் தெரியுதான்னு கேட்டா தெரியுது. பேப்பர் படிக்க முடியுதான்னா முடியுது. கேள்வி பொதுவா இருந்துச்சு. பதிலும் பொதுவாப் போட்டேன்."

இத்தகைய கேள்விப் படிவங்களில் பெயர்பெற்றது 1994-இல் அமெரிக்காவில் உருவாக்கிய 14 கேள்விகள் கொண்ட ஒன்று. மருந்துப் புட்டியின் பொடி எழுத்து, செய்தித்தாள், படிக்கட்டு, தையல், சமையல், தொலைக்காட்சி, இரவில் கார் ஓட்டுவது என்று அது விசாரிக்கிறது. சீட்டாட்டம், கோல்ஃப் பற்றியும் கேட்கிறது. நல்ல கருவி. பார்வையை வெறும் பலகை வரிகளால் அளக்காமல் வாழ்க்கையால் அளக்க முயன்றது. ஆனால் யாருடைய வாழ்க்கை என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான கோக்ரேன் மதிப்பாய்வு, இருவகை லென்சுகளுக்கும் தூரப் பார்வையில் பெரிய வேறுபாடில்லை, பல்குவியத்தில் கிட்டப் பார்வை மேல், கண்ணாடித் தேவை குறைவு, ஆனால் ஒளிவளையமும் கண்கூச்சமும் அதிகம் என்கிறது. அதாவது இது ஒரு பண்டமாற்று. மாற்றிக்கொள்பவருக்கு எது பெரிது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். கண்ணாடி போட்டுக்கொள்வது அப்பாவுக்கு ஒரு குறையாகவே இருந்ததில்லை. அது அவருடைய தொழிற்கருவி. தச்சனிடம் போய் உளியில்லாமல் வாழலாம் என்று சொன்னதைப் போலத்தான் நான் சொன்னேன்.

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், கண்ணின் ஓவியங்களோடு பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் தாள்களில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக வரையப்பட்டிருக்கிறது. வேறு எதற்கு ஆகாவிட்டாலும், ஒரு கண்ணைப்போல் இன்னொன்று இல்லை என்பதற்கு அது சாட்சி.

வேறொரு கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பொறுமையான மனிதர். திருப்தியற்றவர்களில் பலருக்குக் காரணம் லென்சாக இருக்காது என்றார்: கண் உலர்ந்திருக்கும், கொஞ்சம் பவர் மிச்சமிருக்கும், அல்லது லென்சின் பின்னாலுள்ள சவ்வு மங்கியிருக்கும். மூன்றையும் பார்த்தார். கண் சற்று உலர்ந்திருந்தது; சொட்டுமருந்து தந்தார். சவ்வு தெளிவாக இருந்ததால் லேசர் வேண்டாம் என்றார். அவசரப்பட்டு லேசரால் சவ்வைத் திறந்துவிட்டால், பின்னால் லென்சை மாற்ற நினைத்தாலும் மாற்றுவது கடினமாம். பிறகு அம்மாவின் கண்ணாடி விஷயத்தைச் சிரிக்காமல் கேட்டு, விளக்கம் சொன்னார். அப்பாவுக்கு வைத்த வகையில் மங்கிய வெளிச்சத்தில் கண்மணி விரியும்போது, ஒளியின் பெரும்பங்கு தூரக் குவியத்துக்குப் போய்விடுகிறது. கிட்டத்துக்குக் கிடைப்பது சுருங்குகிறது. வாசிப்புக் கண்ணாடி போட்டால் அந்தத் தூரத்துப் பங்கையே படிப்பதற்குத் திருப்பிக்கொள்ளலாம். யாரும் சொல்லித்தராமல் அப்பா கண்டுபிடித்தது முறையான வைத்தியமே.

லென்சை எடுத்துவிட்டுச் சாதாரண லென்ஸ் வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் ஓராண்டு கடந்துவிட்டது, ஆபத்து இல்லாமல் இல்லை என்றார். அப்பா என்னை முந்திக்கொண்டு, "வேண்டாம் டாக்டர். கோபுரம் நல்லாத் தெரியுது" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் எனக்கு மோனேயின் நினைவு வந்தது. அந்த ஓவியருக்கு 1912-இல் புரை என்று சொல்லிவிட்டார்கள். நிறங்கள் மாறிவிடும் என்று அஞ்சிப் பத்தாண்டு ஒத்திப்போட்டார். மருத்துவம் படித்தவரும் பிரான்சின் முன்னாள் பிரதமருமான நண்பர் கிளெமன்சோ விடாமல் வற்புறுத்தி, 1923-இல் எண்பத்திரண்டு வயதில் வலக்கண்ணில் அறுவை செய்ய வைத்தார். அந்தக் காலத்தில் உள்ளே வைக்க லென்ஸ் இல்லை, தடித்த கண்ணாடிதான். மோனே கொதித்தார். எல்லாம் நீலமாகத் தெரிகிறது, எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது, இதற்கு இசைந்திருக்கவே கூடாது என்றெல்லாம் மருத்துவரிடம் முறையிட்டார். இடக்கண்ணைத் தொட விடவே இல்லை. கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் பார்த்துக் கடைசியில் ஏதோ ஒன்றில் சமாதானமாகி, 1926-இல் இறக்கும் வரை அல்லிக்குளப் படங்களில் வேலை செய்தார். மோனே கத்தினார் என்பதைவிட, அவரால் கத்த முடிந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. கிளெமன்சோ அவருக்கு நண்பர்தான், மகள் அல்ல. கடன் வாங்கியும் கொடுக்கவில்லை.

*

காந்தி பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் 450 ரூபாய்க்கு அப்பாவுக்கு ஒரு கண்ணாடி செய்தோம். அதே நாளில் அதே கடையில் எனக்கும் ஒன்று. மேசைமேல் கழுத்து வளையும் விளக்கு ஒன்று வாங்கி, வெளிச்சம் தாளின்மேல் மட்டும் விழும்படி வைத்தோம். அம்மாவின் கண்ணாடி அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. பாத்திரம் தேய்க்கும் அக்காவிடம் அம்மா தன் வழியில் சமாதானம் செய்துகொண்டாள். ஒரு சேலை செலவு.

இப்போது நாங்கள் இருவரும் பழைய அச்சக முறைப்படி வேலை செய்கிறோம். நான் மூலத்தை உரக்கப் படிப்பேன். புள்ளி வருமிடத்தில் விரலால் மேசையைத் தட்டுவேன். அப்பா புதுப்பிரதியைப் பார்த்துத் திருத்துவார். மூன்று நாள் வேலைக்கு மூன்று வாரம் ஆகிறது. சில இடங்களில் மூலத்தில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது எனக்கே தெரிவதில்லை. அப்போது அவர் தாளை வாங்கி விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்து, பார்க்காமலேயே என்று சொல்லும்படியாக, "இருக்கணும்" என்பார்.

சென்ற மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது பழைய மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. அறுவை நடந்து இரண்டாண்டு ஆனவர்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். அப்பா கண்ணாடியைக் கழற்றாமலேயே பேசினார்.

"திருப்திதாம்மா… அஞ்சே போட்டுக்க. ஒரே ஒரு பிழை இருக்கு, அதைக் குறிச்சுக்கிறியா?"

மறுமுனையில் அந்தப் பெண் ஏதோ சொன்னாள்.

"பரவாயில்லம்மா. எடம் இல்லேன்னா என்ன பண்ணுவே" என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க விட்டோம்?" என்றார்.

நாற்பத்தேழாம் பக்கம், மூன்றாம் பத்தி என்றேன்.